பூட்டிய கதவுக்குப் பெயர் எதற்கு

குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் எல்லோரையும் போல நானும் "வலிக்காது கண்ணு" என்று சொல்லித்தான் போட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் குப்பத்துக்கு நர்ஸாகப் போன புதிதில் ஒருநாள், பக்கத்து வீட்டுப் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்த ஒரு அம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

"வலிக்கும்னு சொல்லும்மா."

"சொன்னா அழுவானேம்மா."

"அழட்டும். வலிக்கும், சீக்கிரம் போயிடும்னு சொல்லு. வலிக்காதுன்னு சொல்லிட்டுக் குத்துனா அடுத்த தபா உன்ன நம்புவானா?"

நான் அப்படியே சொன்னேன். பையன் கத்தித் தீர்த்தான். ஆனால் அடுத்த முறை என்னைப் பார்த்து ஓடவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு தானே கையை நீட்டினான்.

அந்த அம்மாளின் பெயரை நான் எழுதப்போவதில்லை. ஊரிலும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பட்டாளத்தம்மா என்பார்கள். கணவர் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து, வீரத்துக்காகப் பதக்கம் வாங்கியவர். நான் போனபோது அவர் உயிரோடு இல்லை.

அந்த ஊர் பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் நீண்டு கிடக்கும் மணல்மேட்டில் இருக்கிறது. கடல் பக்கம் கடலுக்குப் போகிறவர்களின் வீடுகள். ஏரிப் பக்கம், தண்ணீரில் உட்கார்ந்தபடி நகர்ந்து, சேற்றைத் தடவிக் கையாலேயே இறாலும் நண்டும் பிடிக்கிற குடும்பங்கள். பட்டாளத்தம்மா ஏரிப் பக்கம். பிடித்த இறாலைப் போடுகிற பறியை அதன் கயிற்றால் பல்லில் கவ்விக்கொண்டுதான் வேலை செய்வார்கள். அதனால் தண்ணீரில் இருக்கும் வரை அவர் பேச மாட்டார். கரையேறிப் பறியை இறக்கிவைத்ததும், அத்தனை நேரம் அடக்கி வைத்த பேச்சும் வந்துவிடும்.

சொன்ன சொல் காலியாக இருக்கக் கூடாது. அவரிடம் நான் கண்ட குணம் இது ஒன்றுதான். மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைத்தவை. பேச்சுக்காக யாராவது "ஒரு நாள் வூட்டுக்கு வாங்க" என்றால் அன்று சாயங்காலமே போய் நிற்பார். கூப்பிட்டவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள். "கூப்ட்டியே, வந்தேன்" என்று குந்திவிடுவார். ஊரில் ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டி, அதன்மேல் 'குடிநீர்' என்று பெரிதாக எழுதியிருந்தார்கள். குழாயைத் திருகினால் காற்றுதான் வரும். பட்டாளத்தம்மா ஏரிச் சேற்றை அள்ளி வந்து அந்த எழுத்தின்மேல் பூசிவிட்டார். மழை பெய்து கரைந்தால் மறுபடியும் பூசுவார். தண்ணீர் வந்த நாளில் தன் முந்தானையை நனைத்து அவரே துடைத்து எடுத்தாராம். இதெல்லாம் நான் போவதற்கு முன்பு நடந்தது. சொல்லிச் சிரிப்பார்கள். சிரிப்பில் கொஞ்சம் பயமும் இருக்கும்.

எங்கள் துணை சுகாதார நிலையம் இரண்டு குடியிருப்புகளுக்கும் நடுவில் இருந்தது. ஓர் அறை, அதை ஒட்டி நர்ஸ் தங்குவதற்கென்று கட்டி யாருமே தங்காத இன்னோர் அறை. பல ஊர்களுக்குச் சேர்த்து நான் ஒருத்தி. பொன்னேரியிலிருந்து பஸ்ஸில் பழவேற்காடு வந்து, படகு பிடித்து, வாரத்தில் இரண்டு நாள் போய்த் திறப்பேன். மற்ற நாட்களில் கதவில் பூட்டு தொங்கும். கரண்ட் இணைப்பு அறுந்து வெகுநாள் ஆகியிருந்தது.

அந்த நேரத்தில்தான், பதக்கம் பெற்ற ராணுவ வீரர்களின் பெயரை அவரவர் ஊர் சுகாதார நிலையங்களுக்குச் சூட்டலாம் என்று மேலே முடிவானது. எங்கள் ஊருக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. வடக்கே பனிமலையில் குண்டடிபட்டுக் கிடந்த இரண்டு பேரை, ஒருவரைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டுத் திரும்பி வந்து மற்றவரையும், முதுகில் சுமந்து இறக்கியவர் அந்த ஹவில்தார். ஆளைச் சுமந்து காப்பாற்றினவர் பெயர் ஆஸ்பத்திரிக்குத்தானே பொருந்தும் என்று எல்லோருமே சொன்னார்கள்.

எல்லோரும் என்று எழுதிவிட்டேன். கடல் பக்கத்தில் அப்படிச் சொல்லவில்லை. அங்கே ஊர்த்தலைவர் என்னிடமே கேட்டார். "ஏரிக்காரங்க ஆளு பேரப் போட்டுட்டா அது அவங்க ஆஸ்பத்திரின்னு ஆயிடும். எங்க பொண்ணுங்க எப்படிம்மா வரும்?"

பட்டாளத்துக்காரருக்கு ஏது சார் ஏரிப் பக்கமும் கடல் பக்கமும் என்றேன். "அது உனக்குத் தெரியாது" என்று முடித்துவிட்டார்.

நீல நிறத்தில் போர்டு வந்து இறங்கியது. வெள்ளை எழுத்தில் அவருடைய பதவி, பெயர், பதக்கம், அதற்குக் கீழே 'நினைவு துணை சுகாதார நிலையம்'. விழாவுக்கு முந்தின நாளே வாசலுக்கு மேலே கம்பி கட்டி மாட்டிவிட்டுப் போனார்கள். மறுநாள் காலை நான் படகிலிருந்து இறங்கி வந்தபோது வாசலுக்கு மேலே ஒன்றும் இல்லை. பட்டாளத்தம்மா படியில் உட்கார்ந்திருந்தார். போர்டு அவர் மடியில் குறுக்கே கிடந்தது.

"என்னம்மா பண்ணிட்டீங்க?"

"கழட்டிட்டேன். நீ போயி உன் வேலையப் பாரு."

மாலைகளோடு அதிகாரிகள் வந்தார்கள். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் பட்டாளத்தம்மாவின் மகன், கூட வேலை செய்கிறவர்களைப் பெருமையாக அழைத்துக்கொண்டு வந்திருந்தான். எல்லோருக்கும் முன்னால் அவர் எழுந்து நின்றார். மூத்த அதிகாரி பொறுமையாகவே கேட்டார்.

"உங்க வீட்டுக்காரருக்குத்தானேம்மா மரியாதை பண்றோம். வேணாமா?"

"வேணும் சார். ஆனா பேரு இருக்குது, ஆஸ்பத்திரி இல்லியே."

"பேர் வச்சா ஒவ்வொண்ணா வந்துடும்."

"அப்போ வந்தப்பறம் வைங்க. நான் எங்கியும் போவல, இங்கதான் இருக்கறேன். தெனமும் கதவு தொறக்கணும், நர்ஸம்மா தங்கணும், வெளக்கு எரியணும். அன்னிக்கு நானே கொணாந்து குடுக்கறேன்."

"அதெல்லாம் ஒரே நாள்ல ஆவுற காரியமா?"

"நானும் ஒரே நாள்ல கேக்கல."

சொல்லிவிட்டுப் போர்டைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். மகன் பின்னாலேயே ஓடினான். "நைனா பேர நீயே கழட்டிட்டியே, உனக்கு இன்னா பைத்தியமா?" என்று அவன் கத்தியது எங்களுக்கெல்லாம் கேட்டது. அன்றைக்குப் போனவன் அதன்பிறகு வெகுகாலம் ஊருக்கு வரவில்லை. போன் செய்தாலும் எடுக்கவில்லை.

கடல் பக்கத்துக்காரர்கள் பேசின பேச்சுக்குப் பயந்துதான் கழற்றினார் என்று ஏரிப் பக்கத்தில் சிலர் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகொரு நாள் பழவேற்காட்டுக்கு ஒன்றாகப் படகில் போகும்போது நேரடியாகவே கேட்டேன். அவர் துடுப்புக்காரரிடம் படகை நிறுத்தச் சொன்னார். கோடைக்காலம். முகத்துவாரம் அடைத்துக்கொண்டு ஏரித் தண்ணீர் முழங்காலுக்கு வற்றியிருந்தது.

"இங்கதான்" என்றார்.

அவர் கணவருக்கு நெஞ்சுவலி வந்தது ஒரு காலை நேரம். சுகாதார நிலையம் பூட்டியிருந்தது. அப்போது இந்த ஊருக்கு நர்ஸே கிடையாது. படகில் ஏற்றிக்கொண்டு கிளம்பியிருக்கிறார்கள். இந்த இடத்தில் படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. பட்டாளத்தம்மாவும் அவருடைய தம்பியும் இறங்கித் தள்ளியிருக்கிறார்கள். நகரவில்லை.

"அவரு எழுந்துக்கப் பாத்தாரு. நான் எறங்கிட்டா படகு லேசாயிடும், தள்ளிடலாம்ன்றாரு. படுய்யான்னு ரெண்டு தோளையும் புடிச்சு அழுத்தி வச்சேன். என் கையிலதான் போச்சு."

துடுப்புக்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தினி பேரைத் தூக்கின மனுசன். அவரைத் தூக்கிக்கினு போவறதுக்கு ஒரு எடம் இல்ல. பூட்டுன கதவு மேல அவர் பேர மாட்டுனா, வலியோட வர்றவங்க அந்தப் பேரப் பாத்துட்டுத் திரும்பிப் போவணும். அவரே வாசல்ல நின்னுக்கினு போங்கன்னு தொரத்துற மாதிரி இருக்காது?" படகுக்காரரைப் பார்த்து, "வுடு, போலாம்" என்றார்.

அதற்குப் பிறகு நான் அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

அவர் அலுவலகம் அலுவலகமாகப் போனார். திங்கட்கிழமை குறைதீர்ப்பு நாளுக்குத் திருவள்ளூர் வரைக்கும் போவார். பதக்கத்தை எடுத்துக்கொண்டு போய்க் காட்டச் சொன்னார்கள் சிலர். அது அவர் வாங்கினது, நான் கேக்கறது ஊருக்கு என்று மறுத்துவிட்டார். எந்த மேசைக்கு முன்னால் நின்றாலும் அதே ஒரு வாக்கியம்தான்: "பேரு இருக்குது சார், ஆஸ்பத்திரி இல்ல." ஆகட்டும் பார்க்கலாம் என்று சொன்னவர்களிடம், "எப்போ பாப்பீங்கோ?" என்று கேட்பார். அடுத்த வாரம் என்று வாய்தவறிச் சொன்னவர் அடுத்த வாரம் அவரைப் பார்த்தார். சில நாள் ஏரியில் இறங்கி வேலை முடித்துவிட்டு ஈரச் சேலையோடு பஸ் ஏறிவிடுவார். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்து போனால், நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து தூங்குவார்.

கடைசியில் உத்தரவு வந்தது. அந்த ஊருக்கு மட்டும் ஒரு நர்ஸ், தங்கி வேலை பார்க்க வேண்டும். அந்த நர்ஸ் நான்தான்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வீட்டில் அம்மா, தீவில் போய்த் தனியாக இருப்பாயா என்று சண்டை போட்டார். மாறுதல் கேட்டு எழுதலாம் என்று முடிவு செய்திருந்தேன். அது எப்படியோ பட்டாளத்தம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் வந்து, நர்ஸ் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வாசலில் குந்தினார்.

"இங்க தங்கணும்னா உனக்கு இன்னா வேணும், சொல்லு."

எங்கள் இலாகாவில் அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

"பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லம்மா. தண்ணி இல்ல. ராத்திரியில துணைக்கு யாரும் இல்ல."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

ஏரிப் பக்கத்துப் பெண்கள் சேர்ந்து கூரையின் ஓட்டையை அடைத்தார்கள். பழவேற்காட்டிலிருந்து தச்சர் வந்து கதவும் தாழ்ப்பாளும் போட்டார். நல்ல தண்ணீர் குடம் காலையில் வாசலில் இருக்கும். துணைக்கு அவரே வந்துவிட்டார். என் அறை வாசலில் பாயைப் போட்டுப் படுப்பார். எனக்குப் பயம் போய், "நீங்க வீட்லயே படுத்துக்குங்கம்மா" என்று நானாகச் சொல்லும் வரைக்கும் வந்தார். மாறுதல் கேட்டு நான் எழுதவே இல்லை.

கதவு தினமும் திறந்ததும் கடல் பக்கத்துப் பெண்கள் முதலில் தயங்கித் தயங்கி வந்தார்கள். போர்டு இல்லாததால் வந்தார்களா, நான் இருந்ததால் வந்தார்களா என்று எனக்குத் தெரியாது. கர்ப்பிணிகள் ரத்த அழுத்தம் பார்க்க வந்தார்கள். அவர்களுடைய மாமியார்கள் மூட்டுவலிக்கு வந்தார்கள். ஆண்கள் திருக்கை முள் குத்தின காலோடு நொண்டி வந்தார்கள். பட்டாளத்தம்மா இரண்டு பக்கத்துக்காரர்களையும் ஒரே வரிசையில் உட்கார வைப்பார். முந்தப் பார்த்தவர்களை ஒரு பார்வையில் நிறுத்திவிடுவார்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஏரியும் கடலும் ஒரே நிறமாகி, படகு எடுக்க முடியாத ஒரு பகலில், கடல் பக்கத்திலிருந்து நாலு பேர் வலையை மடித்துத் தூளி மாதிரி கட்டி, பிரசவ வலியில் இருந்த ஒரு பெண்ணைச் சுமந்துகொண்டு வந்தார்கள். முன்னால் தோள் கொடுத்து வந்தவர் அந்த ஊர்த்தலைவர். நாள் இன்னும் இருந்ததால் அவளை அக்கரைக்கு அனுப்பாமல் விட்டிருந்தேன். இனி அனுப்ப வழியே இல்லை.

அறைக்குள் மத்தியானமே மாலை மாதிரி இருட்டாக இருந்தது. கரண்ட் இணைப்பு இன்னும் வந்திருக்கவில்லை. ஜன்னல் பக்கம் கட்டிலை இழுத்துப் போட்டு அந்த வெளிச்சத்தில்தான் பார்த்தேன். பட்டாளத்தம்மா அவள் தலைமாட்டில் நின்று கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணும் ஆகாதில்ல ஆயா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"அது எனக்குத் தெரியாதும்மா. நர்ஸம்மா இருக்கறாங்கோ, நான் இருக்கறேன். உன் கைய வுட மாட்டேன். இது மூணும் நெசம்."

குழந்தை பிறந்தது. அழ நேரமானது. அந்த நேரத்தைப் பற்றி எழுத எனக்கு இன்னும் வராது. பிறகு அழுதது. வெளியே மழையில் நின்றுகொண்டிருந்த நாலு பேரும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

மழை விட்டு வெயில் வந்த பிறகு ஊர்த்தலைவர் பட்டாளத்தம்மாவைத் தேடி வந்தார். நானும் இருந்தேன்.

"அந்தப் போர்டக் கொண்டாம்மா. நாங்களே மாட்டறோம். அன்னிக்கு நான் பேசுனது…"

"அது கெடக்குது வுடு. வெளக்கு இன்னும் எரியலியே."

"அதுக்கு இன்னா பண்ணச் சொல்ற?"

"என்கூட ஆபீஸுக்கு வா."

அடுத்த திங்கட்கிழமை கடல் பக்கத்திலிருந்து ஆண்களும் பெண்களுமாக ஒரு படகு நிறையக் கிளம்பினார்கள். முன்பு அவர் ஒருத்தியாக நின்ற மேசைக்கு முன்னால் ஒரு கூட்டமே நின்றது. அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் இழுத்தது. நடுவில் ஒருமுறை வந்த அதிகாரி, வேலை பாதி முடிந்துவிட்டதே, பெயரை வைத்துவிடலாமே என்று சமாதானமாகக் கேட்டார். "பாதி பேரு வைக்க முடியுமா சார்?" என்றார் பட்டாளத்தம்மா. அதிகாரி சிரித்துவிட்டார். இவர் சிரிக்கவில்லை. ஒருவழியாகக் குழாய்த் தண்ணீர் வந்தது, பிறகு கரண்ட் வந்தது. அது போகும் நேரத்துக்கென்று கூரைமேல் சோலார் தகடும் வைத்தார்கள்.

அந்த நாட்களில் ஒருமுறை அவரிடம் மகனைப் பற்றிக் கேட்டேன். உங்கள் மேல் கோபமாகவே இருக்கிறானே, வருத்தமாக இல்லையா என்றேன்.

"அவன் நைனா பேருக்காகக் கோவப்படறான். கோவம் வர்லன்னாதான் நான் வருத்தப்படணும்" என்றார். சொன்னபோது குரலில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் நண்டு உரித்துக்கொண்டிருந்த விரல்கள் கொஞ்ச நேரம் நின்றிருந்தன.

விளக்கு எரிந்த அன்று சாயங்காலம், அவர் என் போனை வாங்கி மகனுக்குப் பேசினார். என் நம்பர் என்பதால் அவன் எடுத்தான். "உன் நைனா பேர மாட்டணும். ஏணி புடிக்க ஆள் வேணும், வா" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போனை என்னிடம் கொடுத்துவிட்டார்.

அவன் வந்தான். விழா எதுவும் வைக்கவில்லை. முன்பு வந்த அந்த மூத்த அதிகாரி மட்டும் தகவல் தெரிந்து, மாலை எதுவும் இல்லாமல் வந்து கூட்டத்தோடு நின்றார். பழைய கோணியில் சுற்றி வைத்திருந்த போர்டைப் பட்டாளத்தம்மா தலையில் வைத்துச் சுமந்து வந்தார். ஏணியில் ஏறினவர் ஊர்த்தலைவர். கீழே பிடித்திருந்தவன் மகன். இடது பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது என்று யாரோ சொல்ல, இறங்கி ஏறி மறுபடியும் கட்டினார்கள். மாட்டி முடித்ததும் பட்டாளத்தம்மா போர்டைப் பார்க்கவில்லை. உள்ளே போய் விளக்கைப் போட்டு, அணைத்து, மறுபடியும் போட்டுப் பார்த்தார். குழாயைத் திறந்து பார்த்தார். பிறகுதான் வெளியே வந்து தலையை நிமிர்த்தி, எழுத்துக்கூட்டி அந்தப் பெயரைப் படித்தார். மகன் பக்கத்தில் போய் நின்றான். அன்று அவன் ஊரிலேயே தங்கினான்.

அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அந்தப் பக்கம் போகிறவர்கள் வாசலில் படித்துக்கொள்ளலாம்.

அந்த நீளப் பெயரை யாரும் முழுசாகச் சொல்லவில்லை. பெயர் ஏறிச் சில மாதம் கழித்து ஒருநாள், கடல் பக்கத்திலிருந்து பரிசோதனைக்கு வந்த ஒரு கர்ப்பிணிப் பெண் வாசலில் நின்று போனில் புருஷனோடு பேசிக்கொண்டிருந்தாள். "எங்க இருக்கறேன்னா? பட்டாளத்தாரு கிட்ட வந்திருக்கறேன். பாத்துட்டு வந்து சோறாக்கறேன்."

பட்டாளத்தம்மா தன் ரத்த அழுத்த மாத்திரைக்காக வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் நிமிர்ந்து அந்தப் பெண்ணைப் பார்த்தார். தன் முறை வந்ததும் என் எதிரில் உட்கார்ந்து கையை நீட்டினார். அன்றைக்கு அவருடைய ரத்த அழுத்தம் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருந்தது.

"நாளைலேருந்து லீவுன்னு சொன்னல்ல?" என்றார்.

"ஆமாம்மா. தங்கச்சிக்கு நிச்சயம்."

"போயிட்டு வா. நல்லபடியா நடக்கட்டும். உனக்கு பதிலா யாரு?"

"பழவேற்காட்லேருந்து ஒருத்தரை அனுப்பறேன்னு சொல்லியிருக்காங்க."

"அனுப்பறேன்னு சொன்னாங்களா, அனுப்பிட்டாங்களா?"

நான் மாத்திரையை எடுத்து நீட்டினேன். அவர் அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். வாசல் வரை போய்த் திரும்பி நின்றார்.

"அவர்கிட்ட வர்றோம்ன்றாங்க, கேட்டியா? வந்துட்டு, அவரு இல்லன்னு திரும்பிப் போவக் கூடாதும்மா. ஒரு தபா இல்லாமப் போனது போதும்."

நான் போனை எடுத்துப் பழவேற்காட்டுக்குப் பேசினேன். மறுநாள் காலை, மாற்று நர்ஸ் வந்த படகு கரை தட்டி, அவர் இறங்கி வந்து என் கையிலிருந்து சாவியை வாங்கிய பிறகுதான் நான் என் பையைத் தூக்கினேன்.